மூட்டையைப் பிரித்தபோது

அந்தக் கோப்புக்கு ஆபீசில் மூட்டை என்று பெயர். பெயர் வைத்தவன் தமிழ்ச்செல்வன். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் ஒரு கோப்பில் ஒரு வேலையை வைப்பார்கள், கொஞ்சம் சோம்பல் பட்டால் இரண்டை வைப்பார்கள். இதில் எல்லாமே இருந்தது. வந்த மின்னஞ்சலைப் பிரித்துப் படிப்பது, எந்தச் சொல் எந்த அஞ்சலில் இருக்கிறது என்று குறித்து வைப்பது, யாராவது ஒரு சொல்லைத் தட்டினால் ஓடிப்போய் அந்த அஞ்சலை எடுத்து வருவது, அத்தனையும் ஒரே இடத்தில். அடுப்படியிலேயே குளித்து அங்கேயே பாய் விரித்துப் படுக்கிற குடித்தனம். எது எங்கே கிடக்கிறது என்று அதை எழுதிய இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மதிவதனி. இன்னொருவன் அந்தத் தமிழ்ச்செல்வன்தான், வேலையை விட்டுவிட்டு மங்களூருக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மங்களூர் என்றதும் கடலையும் கப்பலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர். விருத்தாசலத்தில் பஸ் ஏறித் திட்டக்குடியில் மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மதிவதனி ஒரு நாளும் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அதன் பெயர்ப்பலகையை மட்டும் தவறாமல் படிப்பாள்.

ஆபீஸ் என்று சொன்னாலும் அது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிடங்கின் மாடிதான். கீழே பீங்கான் ஃப்யூஸ் கேரியர்களை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். லாரியில் ஏற்றும்போது கலகலவென்று சத்தம் வரும். சக்கரபாணி சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர், கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போக மனசில்லாமல் மாமனாரின் கிடங்கு மாடியிலேயே கடையை விரித்துவிட்டார். துழாவி என்று ஒரு மென்பொருள். வக்கீல்கள், ஆடிட்டர்கள், இரண்டு மூன்று காலேஜ்கள் அதை வாங்கியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய அஞ்சலில் எவனோ எழுதிய ஒரு சொல்லைக் கேட்டாலும் கண் இமைப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடும். கொடுக்கிற வித்தை எல்லாம் மூட்டைக்குள் இருந்தது.

மூட்டையைப் பிரித்து ஒழுங்கு பண்ணும்மா என்று சக்கரபாணி சொல்லாத மாதமில்லை. மதிவதனி தலையை ஆட்டிவிட்டு, மூட்டையைத் தொடாமல் அதைச் சுற்றியே வேலை பார்த்தாள். உள்ளே பிழை இருந்தால் வெளியே ஒரு முட்டுக் கொடுப்பாள். புதிதாக ஒரு வசதி கேட்டால் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்குவாள். வேலை தெரியாதவள் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. மனசில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று கேட்டால் வரிக்குப் பக்கத்திலேயே பெயரைக் காட்டுகிற வசதி ஒன்று உண்டு. தப்புப் பண்ணிய ஆளைப் பிடிக்கத்தான் மற்றவர்கள் அதைத் திறப்பார்கள். இவள் சும்மாவே திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வன், மதிவதனி, தமிழ்ச்செல்வன், மதிவதனி, மதிவதனி என்று கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு பெயரை இத்தனை தடவை சேர்த்துப் போட மாட்டார்கள். வரிகளை வேறு கோப்புக்கு மாற்றினால் மாற்றியவர் பெயர் ஏறிவிடும். அவன் பெயர் இருந்த இடத்திலெல்லாம் தன் பெயரை ஏற்றிவிட்டு அப்புறம் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

நான்கு வருஷம் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஓகே கொடுத்தால்தான் நிரலில் சேரும், அதற்கு ரிவியூ என்று பெயர். வந்த புதிதில் தமிழ்ச்செல்வன் ரிவியூவுக்கு அனுப்பிவிட்டு ஐந்து நிமிஷம் பொறுக்க மாட்டான். பாத்தியா, பாத்துட்டியா, எங்க பாத்துருக்க என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவான். ஒரு நாள் மதிவதனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு தடவ கேட்டா போதும். பாக்கும்போது பாப்பேன். இன்னொரு தடவ நச்சரிச்ச, கீழ போயி ஃப்யூஸ் கேரியர் அடுக்கு" என்று கத்திவிட்டாள். அன்றோடு அவன் அடங்கினான். அப்புறம் அவள் அக்கா ஜெயஸ்ரீ கல்யாணத்துக்காக நீண்ட லீவில் போனபோது அவன் அனுப்பிய ஒன்று அவளுக்காகக் கிடையாய்க் கிடந்தது. ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. திரும்பி வந்து ஓகே கொடுத்த பிறகுதான் சிரித்தான். தன் சட்டத்துக்கு ஒரு ஆளாவது மரியாதை தருகிறானே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் கேட்டான். முன்னுரை முகவுரை எதுவும் இல்லை. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா மதி? ஒடனே சொல்லணும்னு இல்ல. எப்பத் தோணுதோ அப்ப சொல்லு." அவளுக்குக் காது சுட்டது. சொல்றேன் என்றாள். கருவேப்பிலங்குறிச்சி பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தவளைப் பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அவளுக்குள் சம்மதம் அப்போதே இருந்தது. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றால், அவள் வளர்ந்த வீடு அப்படி. அவள் அம்மா கமலம் சாதம் வைக்க வந்தால் போதும் என்று கையை மறிக்க வேண்டும். அம்மா இன்னொரு தடவை கேட்பாள், அதற்கும் போதும் என்க வேண்டும். மூன்றாம் தடவை கரண்டி இலையில் கவிழும். முதல் தடவையே சரி என்று நீட்டுகிறவனை அலைகிறான் என்பார்கள், முதல் தடவையோடு விட்டுவிடுகிறவளைக் கஞ்சப்பிசினாரி என்பார்கள். மனசாரக் கேட்கிறவர்கள் மறுபடியும் கேட்பார்கள். மதிவதனி இதை யாரிடமும் படிக்கவில்லை, சோற்றோடு உள்ளே போனது. ஆகவே அவன் மறுபடி கேட்பான், இரண்டாம் தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த வாரமே தமிழ்ச்செல்வனின் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பையன். நிலம் இருக்கிறது, பார்க்க ஆளில்லை. சக்கரபாணியிடம் சொல்லிக்கொண்டு, மேசை டிராயரைக் காலி பண்ணிக்கொண்டு, அவளைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்றான். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். இப்போது கேட்பான் என்று அவள் நின்றாள். அவனும் நின்றான். பிறகு படி இறங்கிப் போய்விட்டான். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வாழ்த்து வரும். அவளும் ஒரு வாழ்த்து அனுப்புவாள். அதில் அவள் தேடுகிற கேள்வி இருக்காது. வீட்டில் வரன் என்று பேச்செடுத்தால் இப்ப வேணாம் என்பாள். இப்ப என்பது நீண்டுகொண்டே போனது.

இந்த வருஷம் ஒரு பெரிய காலேஜ் துழாவியைக் கேட்டது. மூட்டை அந்தச் சுமையைத் தாங்காது. சக்கரபாணி தென்றல் என்று ஒரு புதுப்பெண்ணை வேலைக்கு எடுத்தார், கெட்டிக்காரி. "நீ பிரிக்கலன்னா தென்றலை வுட்டுப் பிரிக்கச் சொல்லிடுவேன் மதி" என்றார். அது போதும். வேறொருத்தி கைபட விடுவாளா? நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் முதலில் அப்படியே நகர்த்திவிட்டு, திருத்தங்களை அப்புறம் தனியாகச் செய்தால், பழைய பெயர்களைத் தொடர்ந்து காட்டச் செய்யலாம். வேலை இரட்டிப்பு. மதிவதனி அப்படியேதான் செய்தாள். கோப்புகளைப் போட்டு வைக்கிற அறைக்கு அடைவு என்று பெயர்; குறித்து வைக்கிற வேலைக்கு ஒரு அடைவு, தேடுகிற வேலைக்கு ஒன்று, அஞ்சலைப் பிரித்துப் படிப்பதற்கு ஒன்று. வரி வரியாக எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு நாளை இழுத்துக்கொண்டு வந்தது. இது மழை பெய்து கரண்ட் போன அன்று எழுதியது. வீடு என்று தேடினால் வீட்டில், வீட்டுக்கு எல்லாவற்றையும் பிடித்துத் தரும் இந்தப் பகுதியை முடித்த அன்று அவன் கீழே இறங்கிப் போய் லோடு ஏற்றுகிறவர்களுக்கெல்லாம் டீ சொன்னான். ஒரு சிக்கலான இடத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தான்: இதைத் தொட்டால் மதி திட்டுவாள். அந்தக் குறிப்பையும் அப்படியே எடுத்துப் புது வீட்டில் வைத்தாள்.

கடைசியாக மிஞ்சியது சோதனை அஞ்சல்கள். தேடல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதிரிக்குச் சில அஞ்சல்கள் வேண்டுமல்லவா, இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிப் போட்டவை. இன்றைக்கு டீ உன் கணக்கு. சக்கரபாணி சார் வருகிறார், முகத்தைச் சீரியஸாக வை. மணிமுத்தாற்றில் தண்ணி வந்துவிட்டதாம், பார்க்கப் போகலாமா. எல்லாம் இப்படித்தான், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. துழாவி ஒவ்வொரு நாளும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள அந்த அஞ்சல்களைத்தான் படித்துக்கொண்டிருந்தது. இவளை மாதிரியே அதுவும். அதையும் தனி அடைவில் வைத்தாள்.

ஒரேயடியாக அனுப்பினால் பார்க்கிறவர் திணறுவார் என்று துண்டு துண்டாக ரிவியூவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த தென்றல் தலையைத் தூக்கினாள். "அக்கா, தமிழ்ச்செல்வன்ங்கிறது யாரு? நீங்க அனுப்பினது எல்லாத்துலயும் பாக்க வேண்டியவருன்னு அவரு பேருதான் நிக்குது."

மதிவதனிக்குப் புரையேறியது. மூட்டை இருந்த அடைவில் யார் கை வைத்தாலும் ரிவியூ யாருக்குப் போக வேண்டும் என்று ஆதியில் அவளே எழுதி வைத்த இரண்டு பெயர்கள், அவளுடையதும் அவனுடையதும். அனுப்பியவரே ஓகே கொடுத்துக்கொள்ள முடியாது, ஆகவே தானாகவே இன்னொரு பெயருக்குப் போகும். இரண்டு வருஷமாக அந்த அடைவை அவள் தொடவே இல்லை, அதனால் எதுவும் போகவில்லை. இப்போது துண்டுக்கு ஒன்றாக அவனுக்கு அஞ்சல்கள் பறந்துவிட்டன. அவள் அதை மறந்துதான் போனாள் என்று நான் நம்புகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் அது உங்கள் பாடு.

விஷயம் தெரிந்து சக்கரபாணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவன் அக்கவுண்டை நான் எடுக்கவே இல்லியே. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வருவான்னு வுட்டுட்டேன். பாவம், வயக்காட்டுல நிக்கிறவனுக்குப் போயி இதெல்லாம். அவங்க அம்மா வேற பொண்ணு பாத்துக்கிட்டே இருக்காங்களாம், இவன் எதுக்கும் பிடி குடுக்க மாட்டேங்குறானாம். பேரை எடுத்துட்டுத் தென்றல் பேரைப் போட்டுடறேன்."

"வேணாம் சார்" என்றாள் மதிவதனி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இந்த வாரம் இருக்கட்டும். அவரு பாத்தா பாக்கட்டும்." சக்கரபாணி அவளை ஒரு தரம் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. அவன் பார்க்க மாட்டான், போனை மாற்றியிருப்பான், அந்த அஞ்சலையே திறக்க மாட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே திரையைப் புதுப்பித்தாள். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் அதிர்ந்தது. தமிழ்ச்செல்வன் ஓகே கொடுத்திருந்தான். அதன் கீழே, புது அடைவுக்கு அவள் வைத்த பெயரைப் பற்றி ஒரு வரி: இந்தப் பேரு பழசை விட நல்லா இருக்குது. ஆட்கள் மோதிக்கொண்டு போகிற பஸ் ஸ்டாண்டில் அவள் அப்படியே நின்றாள். எல்லாரும் திட்டிக்கொண்டு விலகிப் போனார்கள்.

அப்புறம் ஒன்று ஒன்றாக வந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே பார்க்கிறான் போலிருக்கிறது, மடை மாறுகிற இடைவெளிக்கு ஒன்று. ஒரு இடத்தில் சின்னத் தப்பைப் பிடித்தான். ஒரு இடத்தில், இதைத் தொட்டும் யாரும் திட்டலியா என்று கேட்டிருந்தான். மதிவதனி சிரித்தாள், தென்றல் காணாதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் ஏங்கியது இதற்குத்தான். பக்கத்து நாற்காலி நிறைந்திருந்தது. ஆனால் எந்த ஓகேயிலும் அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை. நிரலைப் பற்றி மட்டுமே பேசினான்.

கடைசித் துண்டு, சோதனை அஞ்சல்கள், மட்டும் ஓகே ஆகாமல் நின்றது. அதுதான் இருப்பதிலேயே சின்னது. பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. காலேஜ்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று சக்கரபாணி கையைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமையோட பேரை எடுத்துடறேன் மதி. ஒரே ஒண்ணுக்காக இழுத்துக்கிட்டு இருக்க முடியாது."

பேரை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். மூட்டையும் இல்லை, அவனும் இல்லை. மதிவதனி போனை எடுத்தாள், வைத்தாள். பாத்தியா என்று ஒரு வார்த்தை அனுப்பலாம். அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா, ஒரு துப்பும் கிடைக்காது. இரண்டு நாளே இப்படி அடித்துப் போடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே லாரி கிளம்பிப் போனதும் அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். தன் சட்டத்தைத் தானே மீறிப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான்தான்."

"தெரியுது. பேரு வருதுல்ல."

"ஒண்ணு பாக்காம வுட்டுருக்கீங்க."

"என்ன புதுசா மரியாதையெல்லாம்?" என்றான். குரல் அதேதான், கொஞ்சம் கரகரத்திருந்தது. "பாத்துட்டேன் மதி. மொதல் நாளே பாத்துட்டேன். அதைத்தான் மொதல்ல தொறந்தேன்."

"அப்ப ஓகே குடுக்க வேண்டியதுதான?"

"குடுத்துட்டா முடிஞ்சிடும். அதுக்கப்பறம் உங்கிட்டேர்ந்து எனக்கு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் அப்புடியே வச்சிருக்கேன்."

மதிவதனி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சூளைப் புகைபோக்கிகளுக்கு மேலே வானம் சிவந்து கிடந்தது. அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "பாலக்கரையில கேட்டியே. அதுக்கப்பறம் ஏன் கேக்கல? நீ கேப்ப கேப்பன்னு நான் இன்னும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

"நீதான சொன்ன, ஒரு தடவ கேட்டா போதும், நச்சரிக்காதன்னு."

"கழுத, அது ரிவியூவுக்குடா!"

"எனக்கு எப்புடித் தெரியும்? சொல்றேன்னு சொன்ன. பாக்கும்போது பாப்பன்னு நானும் இருக்கேன்."

"எங்க வூட்டுல சோத்துக்கே மூணு தடவ கேப்பாங்க."

"எங்க வூட்டுல ஒரு தடவதான். போதும்னா கை கழுவத் தண்ணி வந்துடும்" என்றான். இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான், "இப்பக் கேக்கட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் அந்தப் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறாள். அவன் கேட்பான், அவள் கொஞ்சம் பிகு பண்ணுவாள், அவன் மறுபடி கேட்பான். இப்போது அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒருவன் ஒரே தடவை கேட்டுவிட்டு இரண்டு வருஷம் வாசலிலேயே நின்றிருக்கிறான், அவனை இன்னும் என்ன கேட்கச் சொல்வது?

"வேணாம். அன்னைக்குக் கேட்டதே போதும். எனக்குச் சம்மதம். ஞாயித்துக்கெழம பஸ்ஸேறி வரேன், உங்க அம்மாகிட்ட நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தமிழு, இருக்கியா?"

"இருக்கேன். இன்னொரு தடவ சொல்லு."

"ஏன், கேக்கலியா?"

"கேட்டுச்சு மதி. நல்லாவே கேட்டுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லு."

அவள் சொன்னாள். அவன் மறுபடியும் கேட்டான்.